குஞ்சமும் மாலையும்: ஒரு சியர்லீடிங் ரீச்சரின் கோபங்கள்

இந்தத் தொழிலில் மேலே ஏறிய பிள்ளை விழாமல் நின்றால் அது தாயின் வளர்ப்பு, விழுந்தால் ரீச்சரின் பிழை.

ஊரார் பிள்ளைகளுக்கு நீச்சலோ நடனமோ வயலினோ சொல்லிக்கொடுக்கப் போய், அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கையில் அகப்பட்டுச் சீரழிந்த அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால், இந்த மனுசிக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பார்கள். நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. லண்டன் நோர்பரியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியைக்கு உதவியாளராக வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் நான் முழு ஆசிரியை. பள்ளிக்கூட இல்லங்களுக்கிடையில் மெய்வல்லுநர் போட்டி என்றால் மைதானம் நிறையப் பிள்ளைகளை நிறுத்தி, மேளத்துக்கு ஏற்றபடி வளையமும் குஞ்சமும் அசைக்க வைத்து, உடற்பயிற்சிக் கண்காட்சி நடத்தியவள். லண்டனில் பந்துக்குக் காற்றடிப்பதும், பிள்ளைகள் கழற்றி எறிந்த சட்டைகளைப் பொறுக்குவதும் என் பொறுப்பு. அந்த வருடம் தலைமை ஆசிரியை மிஸிஸ் பெல்லமி அமெரிக்காவில் இருக்கும் தங்கையிடம் போய் வந்தார். அங்கே ஒரு பள்ளிக்கூட ஆட்டத்தின் இடைவேளையில் பெண்பிள்ளைகள் கையில் குஞ்சங்களை ஆட்டிக் கத்தி, ஆளுக்கு மேல் ஆள் ஏறி நின்றதைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பெயர் சியர்லீடிங். எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் அது வேண்டுமாம். குஞ்சம் என்றதும் நான்தான் வாயைக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்தில் செய்ததுதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தேன்.

வித்தியாசம் அந்த ஏறுவதில் இருந்தது.

விழும் தூரம்

முதல் வாரமே பாவாடைகள் வந்துவிட்டன. நீலமும் வெள்ளையும், மடிப்பு மடிப்பாக. பெட்டி பெட்டியாகக் குஞ்சங்கள் வந்தன. பள்ளிக்கூடப் பெயர் எழுதிய பதாகை வந்தது. விழுந்தால் தாங்குகிற தடித்த மெத்தை மட்டும் வரவில்லை. மண்டபத்தின் தரை பலகை. அதற்கு மெழுகு வேறு பூசி வைத்திருந்தார்கள். காலுறையோடு நடந்தாலே வழுக்கும்.

நான் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் விளக்கினேன். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று கைகளைக் கிண்ணம்போல் கோலுவார்கள், ஒருத்தி அந்தக் கைகளில் கால் வைத்து ஏறுவாள், தாங்குகிறவர்கள் அவளைத் தங்கள் தோள் உயரத்துக்குத் தூக்குவார்கள், இன்னொருத்தி பின்னால் நின்று கணுக்காலைப் பிடிப்பாள், ஒரு கை வழுக்கினால் ஏறியவளின் தலை தரையில் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் அன்பாகச் சொன்னார்:

“சின்னப் பிள்ளைகள்தானே, எவ்வளவு தூரம் விழப்போகிறார்கள்?”

ஏணி

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். பாதிப் பேர் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள், மீதிப் பேர் மற்றவர்கள். யார் ஏறுவது, யார் தாங்குவது என்று நான் பிரித்தேன். இதில் மர்மம் எதுவும் இல்லை. பாரம் குறைந்த பிள்ளை ஏறும், பலமான பிள்ளை தாங்கும். சிந்து என்ற சின்னப் பிள்ளை ஏறுவதற்கென்றே பிறந்தவள் மாதிரி இருந்தாள். தாங்குவதற்குத் துளசியும் டோனாவும். டோனாவின் பெற்றோர் ஜமெய்க்காக்காரர்கள், அவளுக்கு என்னைப் போலவே வாய் சும்மா இருக்காது. துளசி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வீட்டில் இரட்டைத் தம்பிமாரை ஒருத்தனை இடுப்பிலும் ஒருத்தனைத் தோளிலும் சுமந்து பழகியவள். அவள் பிடித்தால் பிடித்ததுதான்.

பெயர்களை அறிவித்த அன்று பின்னேரமே வாசலில் தாய்மார் கூடிவிட்டார்கள். சிந்துவின் தாய் ஸ்ட்ரெதமில் டாக்டர், சொந்த ஊர் மதுரைப் பக்கம். “மிஸ், இதுல மெயின் சிந்துதானே? மத்தவங்க எல்லாம் சும்மா பக்கத்துல நிக்கறவங்கதானே?” என்று கேட்டார். சும்மா நிற்கிறவர்களா? அந்தச் சும்மா நிற்கிறவர்கள் கையை எடுத்தால் உங்கள் மெயின் நிலத்தில் கிடக்கும் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் துளசியின் தாய் சரோ அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவளுடைய முகம் கறுத்துப்போனது. டாக்டர் போகும்வரை காத்திருந்து, என் அருகே வந்து கேட்டாள்:

“என்ர பிள்ளை என்ன ரீச்சர், கண்டவையின்ர பிள்ளையள் ஏறிப் போற ஏணியே?”

வெறுந்தேத்தண்ணி

அதற்குப் பிறகு ஒரு மாதம் போல் துளசி சோர்ந்து சோர்ந்து வந்தாள். ஒரு வியாழக்கிழமை பயிற்சி நடுவில் அவளுடைய கை நடுங்கியது. நான் சிந்துவை இறக்கிவிட்டுத் துளசியை இருத்தினேன். உதடு வெளுத்திருந்தது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். காலையில் பால் விடாத வெறுந்தேத்தண்ணி, மத்தியானம் இரண்டு கிறாக்கர் பிஸ்கட். டோனா தன் பையிலிருந்த இறைச்சிப் பற்றீஸை எடுத்து, பாதியைப் பிய்த்துத் துளசியின் கையில் வைத்தாள். துளசி அதைத் தின்ற வேகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அன்று பின்னேரமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சரோ என்னைக் கண்டதும் கட்லட் பொரிக்கத் தொடங்கினாள். வீடெல்லாம் மணக்கிறது, தம்பிமார் தட்டோடு ஓடித் திரிகிறார்கள், துளசி மட்டும் மாடிப்படியில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். வளருகிற பிள்ளையைப் பட்டினி போடுகிறீர்களே, உங்களுக்கென்ன விசரா, இந்தக் கை நடுங்கினால் மேலே நிற்கிற பிள்ளையின் மண்டை உடையும், இவள் மயங்கினால் இவளுடைய மண்டையும் உடையும் என்று குசினி வாசலில் நின்று கத்தினேன். சரோ அகப்பையைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. ஏதோ கடையில் பேரம் பேசுகிறவள் மாதிரிக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“இன்னும் கொஞ்சம் மெலிஞ்சா மேல ஏத்துவியள்தானே, ரீச்சர்?”

மிதி

தாய்மார்தான் இப்படியென்றால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? சிந்து மேலே தள்ளாடினால் பழி கீழே நிற்பவர்களுக்கு. “அவங்க அசையறாங்க மிஸ்” என்பாள். டோனா உடனே, “நான் கால்மிதி இல்லை” என்று கத்துவாள். மற்றப் பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து, சாப்பாட்டு நேரத்தில் வேறு வேறு மேசையில் இருக்கத் தொடங்கினார்கள். ஆகவே ஒரு சட்டம் போட்டேன். வாரத்தில் ஒரு பயிற்சிக்கு எல்லாரும் இடம் மாற வேண்டும். ஏறுகிறவள் தாங்க வேண்டும், தாங்குகிறவள் ஏற வேண்டும். தோள் உயரமெல்லாம் இல்லை, முழங்கால் உயரம் மட்டும்.

சிந்து முதல் தடவை ஒரு காலைக் கையில் ஏந்தியதும், “மிஸ், இவ என்னை மிதிக்கறா!” என்று வீரிட்டாள். டோனா சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். அன்றிலிருந்து சிந்து இறங்கும்போதெல்லாம் கீழே நின்றவர்களுக்கு நன்றி சொல்லப் பழகினாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே செய்தாள். பிள்ளைகள் திருந்துவார்கள்.

துளசியையும் அன்று ஏற்றினோம். வாசலில் சரோ பார்த்துக்கொண்டு நின்றாள். துளசி தடுமாறாமல் நின்றாள், சுற்றிப் பார்த்தாள், உடனே குதித்து இறங்கிவிட்டாள். ஏனடி இறங்கினாய் என்று கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, தாய்க்கும் கேட்கும்படி சொன்னாள்:

“மேல ஒண்டும் செய்யிறதுக்கு இல்லை மிஸ், சும்மா போரிங், கீழதான் வேலை இருக்கு.”

மாலை போட ஓர் ஆள்

கோடை வந்தது. எங்கள் பகுதித் தமிழர் விளையாட்டுச் சங்கம் வருடா வருடம் கவுன்சில் மைதானத்தில் விளையாட்டு விழா வைக்கும். செயலாளர் தவராசா அண்ணை எங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். முதலில் பாவாடையின் நீளம் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினார்கள். எங்கட கலாசாரம் என்றார்கள். உள்ளே கறுப்பு நீளக் கால்சட்டை போடுவிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். பிறகுதான் பெரிய விசயத்துக்கு வந்தார்கள். அந்த வருடத்துப் பிரதம விருந்தினர் கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் பக்கம் வீடுகள் வாங்கி விற்கிறவர். கிண்ணங்கள் முழுக்க அவருடைய அன்பளிப்பு. அவருக்கு மாலை போட வேண்டும். யார் போடுவது? மேலே ஏறி நிற்கிற பிள்ளை அங்கிருந்தே குனிந்து போட்டால் வடிவாக இருக்கும் என்று தவராசா அண்ணைக்கு யோசனை வந்திருக்கிறது.

நான் முடியாது என்றேன். மேலே நிற்கிறவள் குனியவே கூடாது, நெஞ்சை நிமிர்த்தி நேரே பார்க்க வேண்டும், அவள் முன்னால் சரிந்தால் கீழே இரண்டு பிள்ளைகளால் பிடிக்க முடியாது என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். பூ மாலை என்ன பாரமா என்று பொருளாளர் கேட்டார். உபதலைவர், வீடியோக்காரனுக்கு நல்ல படம் கிடைக்கும் என்றார். மாலை போடுவதாக இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிவரமாட்டேன் என்று எழுந்துவிட்டேன். தவராசா அண்ணை ஓடி வந்து கதவடியில் மறித்து, என் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார்:

“சரி தங்கச்சி, நீங்கள் சொன்னாச் சரி, மாலை நிலத்தில நிண்டே போடுவம், என்னை நம்புங்கோ.”

மைக்கும் மாலையும்

விழா மைதானத்தில் மெத்தை கிடையாது, புல்தரை. அதனால் பின்னால் கணுக்கால் பிடிக்கிற வேலையை அன்று நானே எடுத்துக்கொண்டேன். ஆட்டம் அருமையாகப் போனது. பெண்பிள்ளை குஞ்சம் ஆட்டுவதா என்று மூக்கைச் சுளித்தவர்கள்கூடக் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார்கள். கடைசியில் சிந்து ஏறினாள். துளசியும் டோனாவும் தோள் உயரத்துக்குத் தூக்கினார்கள். துளசியின் கண் சிந்துவின் இடுப்பை விட்டு அசையவில்லை. தாங்குகிறவள் சனத்தைப் பார்க்கக் கூடாது, மேலே நிற்கிறவளின் இடுப்பைத்தான் பார்க்க வேண்டும், இடுப்புத்தான் முதலில் ஆடும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அப்போது மைக்கில் தவராசா அண்ணையின் குரல்: “இப்பொழுது எங்கள் செல்வி சிந்து, எமது பிரதம விருந்தினர் அவர்களுக்கு மலர்மாலை அணிவித்துக் கௌரவிப்பார்!” முன்னால் பார்க்கிறேன், கோட் சூட்டோடு அந்த மனுசன் கைகூப்பிக்கொண்டு வருகிறார். பக்கத்தில் பொருளாளர் தண்ணீர் சொட்டுகிற பெரிய மாலையை இரண்டு கையாலும் தூக்கிச் சிந்துவிடம் நீட்டுகிறார். வாங்காதே என்று கத்தினேன். மைக்கும் பாட்டும் என் குரலை விழுங்கிவிட்டன. எங்கள் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் எதை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும், மறுத்துப் பேசக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். சிந்து இரண்டு கையாலும் வாங்கினாள். மரியாதையாகக் குனிந்தாள். என் கையிலிருந்து கணுக்கால் உருவிக்கொண்டு போனது.

சிந்து தலைகீழாக முன்னால் போனாள். துளசி காலை விட்டுவிட்டு, தான் முன்னால் பாய்ந்து, சிந்துவின் தோளையும் தலையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே விழுந்தாள். அவளுடைய இடக்கை இரண்டு பேருக்கும் அடியில் போனது. சனம் “ஐயோ” என்று ஓடி வந்தது. சிந்துவைத் தூக்கினார்கள், தட்டினார்கள், தடவினார்கள், சோடா கொடுத்தார்கள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, தலைமயிரில் ரோசா இதழ் ஒட்டியிருந்தது. மைக்கில், சிறு தடங்கலுக்கு வருந்துகிறோம், அடுத்து நூறு மீற்றர் ஓட்டம் என்று அறிவித்தார்கள். துளசி புல்லில் தனியாக இருந்து, முறிந்த கையை மடியில் வைத்து, அது வேறு யாருடையதோ மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தூக்கப் போனபோது டோனா எனக்கு முன்னால் முழந்தாளிட்டு இருந்தாள். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

“மிஸ், எல்லோரும் பிழையான பிள்ளையைச் சுற்றி நிற்கிறார்கள்.”

தாதியின் கேள்வி

ஆஸ்பத்திரியில் கை எப்படி முறிந்தது என்று தாதி கேட்டாள். நான் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். ஒரு பெரிய மனிதர், அவருக்குக் கழுத்தில் பூ மாலை போட வேண்டும், அதற்காக ஒரு பிள்ளையை இன்னும் இரண்டு பிள்ளைகள் தூக்கிப் பிடிக்க, அவள் மேலே இருந்து குனிந்து போடப்போய் என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. தமிழில் கேட்கும்போது கொஞ்சமாவது அர்த்தம் இருப்பதுபோல் இருந்த விசயம் அது. தாதி பேனையை மூடிவைத்து, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்:

“அந்த மனிதருக்குத் தானே வாங்கிப் போட்டுக்கொள்ளத் தெரியாதா?”

காரணம்

செப்டம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கிய அன்றே மிஸிஸ் பெல்லமியின் அறைக்குப் போனேன். இந்தத் தடவை இருக்கச் சொன்னபோது இருக்கவில்லை. மெத்தை வராவிட்டால் இனிமேல் ஒரு பிள்ளையும் ஒரு சாண்கூட ஏறாது, உங்கள் குஞ்சங்களை நீங்களே ஆட்டிக்கொள்ளலாம் என்று சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், கை முறிந்தது பற்றித் துளசி வீட்டிலிருந்து வந்து மேசையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தார், தொலைபேசியை எடுத்தார். மெத்தைகள் அடுத்த கிழமையே வந்தன. எட்டு மாதம் முடியாத காரியம், ஒரு தொலைபேசியில் முடிந்தது. நான் வாய் பிளந்து நிற்பதைக் கண்டு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துச் சொன்னார்:

“பாருங்கள், இப்போதுதான் எங்களுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.”

பொன்னாடை

துளசியின் கைக்கட்டுப் பிரிக்குமுன்பே தவராசா அண்ணை தொலைபேசி எடுத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் எடுக்கிறாராக்கும் என்று நினைத்தேன். துளசியைப் பற்றி விசாரித்தார். பாவம், நல்ல பிள்ளை என்றார். பிறகு, மார்கழியில் கலைவிழா வருகிறது, அதே விருந்தினர்தான், உங்கள் பிள்ளைகள் ஒரு நிகழ்ச்சி தர வேண்டும் என்றார். நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, என் பயத்தைத் தீர்க்க உறுதிமொழி வேறு தந்தார்:

“இந்தமுறை மாலை இல்லைத் தங்கச்சி, பொன்னாடை மட்டும்தான்.”

தொலைபேசியை வைத்த வேகத்தில் அதன் மூலை உடைந்துவிட்டது.

சரோ கொண்டுவந்த பை

போட்டி ஒன்று இருந்தது. குரொய்டன் பக்கம் ஒரு விளையாட்டு மண்டபத்தில், பள்ளிக்கூடங்களுக்கிடையில். நாங்கள் போவதென்றால் துளசி வேண்டும். கட்டுப் பிரித்தாயிற்று, டாக்டர்கள் சரி என்றுவிட்டார்கள், துளசியும் ஒவ்வொரு பயிற்சிக்கும் வந்து சுவரோரம் இருந்து, கைக்குப் பலம் வர ரப்பர் பந்தை நசுக்கிக்கொண்டிருந்தாள். சிந்து வேறு யாருடைய கையிலும் ஏற மறுத்துவிட்டாள். ஆனால் ஒருநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் சரோ கேற்றடியில் நின்றாள். கையில் ஒரு பை. உள்ளே துளசியின் பாவாடை, தோய்த்து, ஸ்திரி போட்டு, மடித்து வைத்தபடி. இனிமேல் துளசி வரமாட்டாள் என்றாள்.

அதுவரைக்கும் சேர்த்து வைத்த கோபம் எல்லாம் அவள் மேல் கொட்டிவிட்டது. மேலே ஏற்றுங்கோ ஏற்றுங்கோ என்று நின்றீர்களே, உங்கட பிள்ளை கீழே நின்றபடியால்தானே இன்றைக்கு ஒரு பிள்ளை தலையோடு நடமாடுகிறது, அவள் செய்ததை அந்த மைதானத்தில் இருந்த எந்தப் பெரிய மனுசன் செய்திருப்பான், அதை விட்டுப்போட்டுப் பாவாடையை மடித்துக்கொண்டு வந்து நிற்கிறீர்களே என்று றோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். சரோ பையை மாற்றி மாற்றிப் பிடித்தாள். அவளும் திருப்பிக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் எனக்கும் சுகமாக இருந்திருக்கும். அவள் குனிந்து நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

“நானும் அண்டைக்கு டொக்டரின்ர பிள்ளையிட்டத்தான் முதல் ஓடினனான் ரீச்சர், துளசி அதைப் பாத்துக்கொண்டு இருந்தவள்.”

அண்ணாந்து பாருங்கோ

பையை அவள் தரவுமில்லை, நான் வாங்கவுமில்லை. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அடுத்த பயிற்சிக்குத் துளசி பாவாடையோடு வந்தாள். எப்படி என்று நான் கேட்கவில்லை. அவள் பையைத் திறந்தபோது உள்ளே ஒரு பெட்டி நிறையக் கட்லட் இருந்தது, டோனாவுக்கும் சேர்த்து.

போட்டியன்று மண்டபம் நிறையச் சனம். மற்றப் பள்ளிக்கூடங்கள் பெரிய பெரிய அணிகளாக வந்து பளபளவென்று நின்றார்கள். எங்கள் முறை வந்தது. நான் மெத்தையின் ஓரத்தில் முழந்தாளிட்டு இருந்தேன். துளசியின் இடக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிந்து கால் வைத்தாள். கை நடுங்கவில்லை. மேலே போனாள், நெஞ்சை நிமிர்த்தி நின்றாள், குஞ்சத்தை உயர்த்தினாள். எனக்குப் பின்னால் முதல் வரிசையில் சிந்துவின் தாயும் சரோவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். டாக்டர் கமராவை உயர்த்திப் பிடித்தபடி, “பாருங்க, பாருங்க, எம்புட்டு அழகா நிக்கறா!” என்று சரோவின் தோளைத் தட்டினார். சரோ மேலே பார்க்கவில்லை. துளசியை விட்டுக் கண்ணை எடுக்காமல், பக்கத்து வரிசைக்கும் கேட்கும் குரலில் சொன்னாள்:

“நீங்கள் பயப்பிடாமல் அண்ணாந்து பாருங்கோ டொக்டர், கீழ என்ர பிள்ளை பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்.”

நான் இவ்வளவு நேரம் மூச்சு வாங்கச் சொன்னதை, சங்கத்தின் அடுத்த ஆண்டு மலர் ஒரு பக்கப் படத்தில் சொல்லிவிட்டது: மேலே மாலையோடு சிந்து, எதிரில் பல்லெல்லாம் தெரியப் பிரதம விருந்தினர், துளசி நின்ற இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம்.